தலைகீழாகக் காத்திருப்பவர்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் என்றொரு பாலைநிலத்து ஊர் உண்டு. கோடையில் வெப்பம் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும் அவ்வூரில், வெளியிலிருந்து பார்த்தால் வேறெந்த அலுவலகத்தையும் போலவே தோன்றும் ஒரு கட்டடத்துக்குள், ஆளுயரத்தை மிஞ்சிய எஃகுத் தாழிகள் வரிசையாக நிற்கின்றன. தாழிகளுக்குள் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜன். அதனுள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர். மருத்துவர் சான்றளித்து, அரசு பதிவு செய்து, உறவினர் அழுது முடித்த பிறகு அங்கே வந்து சேர்ந்தவர்கள். எனினும் அவர்களைக் காத்துவரும் ஆல்கார் நிறுவனம் 'இறந்தவர்கள்' என்னும் சொல்லைத் தவிர்க்கிறது. அவர்கள் 'நோயாளிகள்'. அவர்களுடைய நோய்க்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவே. அந்த நோய்க்கு மரணம் என்று பெயர் என்பது ஒரு சிறு விவரம்.

இவர்களுள் தலையை மட்டும் ஒப்படைத்தவர்களும் உண்டு. முழு உடலோடு வந்தவர்களும் உண்டு. முழு உடலோடு வந்தவர்கள் தாழிக்குள் தலைகீழாக நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இதில் தத்துவம் ஏதும் இல்லை. திரவ நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருப்பது. அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டும். ஏதோ காரணத்தால் ஊற்றுவார் இல்லாமல் போய்த் தாழியின் மட்டம் இறங்கினால், மேலே இருப்பது முதலில் உருகும். எனவே பாதங்கள் மேலே, மூளை அடியில். தலைக்கு வந்தது காலோடு போகட்டும் என்னும் ஏற்பாடு.

இந்தச் சிறிய ஏற்பாட்டில்தான் குளிர்ப்பதனக் கலையின் முழு வரலாறும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இன்னும் இருநூறு ஆண்டுகளில் விஞ்ஞானம் சாவை வென்றுவிடும் என்பதில் ஐயமே இல்லாதவர்களுக்கு, அடுத்த வாரம் நைட்ரஜன் வண்டி வந்து சேருமா என்பதில் மட்டும் ஐயம் இருக்கிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் ஐயப்பட்டதே சரி என்று தெரியவரும்.

மதுப்பீப்பாயும் இரண்டு கெண்டைகளும்

சாவை ஒத்திவைக்கும் ஆசை பழையது. அதற்கு ஒரு செய்முறை தேடும் வழக்கம் மட்டுமே புதியது. இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்ட்டர் 1766-இல் இரண்டு கெண்டை மீன்களைப் பனியில் உறைய வைத்தார். அவருடைய கணக்கு இது: வாழ்நாளின் கடைசிப் பத்து ஆண்டுகளை ஒருவர் விட்டுக்கொடுத்து, உறைவதும் விழிப்பதுமாக மாறி மாறி இருக்கச் சம்மதித்தால், ஆயுளை ஆயிரம் ஆண்டுகள் வரை நீட்டலாம். நூறாண்டுக்கு ஒருமுறை அவரை உருக்கி எடுத்தால், தாம் உறைந்திருந்த காலத்தில் உலகில் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மறுபடியும் படுத்துக்கொள்ளலாம். தவணை முறையில் சாகாவரம். இத்திட்டத்தால் பெரும் பொருள் ஈட்டலாம் என்று தாம் எண்ணியிருந்ததையும் ஹன்ட்டர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உருக்கியபோது மீன்கள் எழுந்திருக்கவில்லை. செல்வம் சேரும் வழி அத்தோடு அடைபட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1773-இல், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் பிரெஞ்சு நண்பர் பார்பே-துபூருக்கு ஒரு கடிதம் எழுதினார். வர்ஜீனியாவில் புட்டியில் அடைக்கப்பட்டு இலண்டன் வந்த மதேரா மதுவைக் கோப்பையில் ஊற்றியபோது, மூழ்கிச் செத்த மூன்று ஈக்கள் கூடவே விழுந்தன. ஃபிராங்க்ளின் அவற்றை வடிகட்டி வெயிலில் வைத்தார். மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு ஈக்கள் அசைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிறகைச் சரிசெய்துகொண்டு பறந்து போயினவாம். அதைக் கண்ட ஃபிராங்க்ளினுக்கு ஓர் ஆசை பிறந்தது. தம்மையும் நண்பர்கள் சிலரையும் ஒரு பீப்பாய் மதேராவில் அமிழ்த்தி வைத்து, நூறாண்டு கழித்துத் தாய்நாட்டு வெயிலில் காயவைத்து எழுப்பினால் அமெரிக்கா எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்பது. இதுவரை முன்மொழியப்பட்ட செய்முறைகளுள் இதுவே மலிவானது, காத்திருப்போருக்கு இதமானதும் கூட. நண்பர்களையும் உடன் அழைத்துக்கொண்ட ஃபிராங்க்ளினின் முன்யோசனையைப் பின்னால் வந்தவர்கள் பலர் மறந்தார்கள். அதன் விலையைப் பிறகு காண்போம்.

மூன்றாவது முன்னோடி ஒரு புரட்சிக்காரர். போல்ஷெவிக் தலைவர்களுள் ஒருவரான பொறியாளர் லியோனித் க்ராசின், விஞ்ஞானம் மாமனிதர்களை உயிர்ப்பிக்கும் நாள் வரும் என்று 1921-இலேயே ஓர் இரங்கல் கூட்டத்தில் பேசியவர். 1924 ஜனவரி 21 அன்று லெனின் இறந்தபோது, உடலைக் குளிரூட்டிக் காக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். பனிக்காலம் உதவியாக இருந்தது. ஆனால் வசந்தம் எந்தக் கட்சிக்கும் கட்டுப்பட்டதில்லை. மார்ச் மாதத்தில் உடல் கெடத் தொடங்கிற்று. இறுதியில் குளிர்ப்பதனத் திட்டம் கைவிடப்பட்டு, வொரோபியோவ், ஸ்பார்ஸ்கி என்னும் இருவர் கிளிசரின் சேர்ந்த வேதிக்கலவையால் உடலைப் பதப்படுத்தினார்கள். மதத்தை ஒழிக்கக் கிளம்பிய அரசு, அழியாத் திருமேனி ஒன்றைச் செங்கல் சதுக்கத்தில் அல்ல, செஞ்சதுக்கத்தில் நிறுவி வரிசையில் நின்று வணங்கச் செய்த கதை அனைவரும் அறிந்தது. நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது கிளிசரினை மட்டும். அது மறுபடியும் வரும்.

பேராசிரியர் ஜேம்சனின் மாணவர்

1931-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் நீல் ஆர். ஜோன்ஸ் எழுதிய ஒரு கதை வெளியானது. பேராசிரியர் ஜேம்சன் தம் உடல் மண்ணில் மக்கக் கூடாதென்று அதை ராக்கெட்டில் ஏற்றி விண்ணில் சுற்றவிடச் செய்கிறார். நான்கு கோடி ஆண்டுகள் கழித்து அவ்வழியே வரும் இயந்திர மனிதர்கள் அவருடைய மூளையை எடுத்து உலோக உடலொன்றில் பொருத்தி எழுப்புகிறார்கள். விழித்துப் பார்த்தால் பூமியில் ஒருவரும் மிச்சமில்லை.

இக்கதையைப் படித்த சிறுவர்களுள் ஒருவன் ராபர்ட் எட்டிங்கர். நான்கு கோடி ஆண்டுகள் எதற்கு, இயந்திர மனிதர்கள் எதற்கு, நம்மவர்களே சில நூற்றாண்டுகளில் செய்துவிட மாட்டார்களா என்று அவன் எண்ணினான். பிற்பாடு இரண்டாம் உலகப் போரில் காயமுற்று நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்து, இயற்பியல் ஆசிரியராகி, மிஷிகனில் கல்லூரியொன்றில் பாடம் நடத்தியபோதும் அவ்வெண்ணம் அவரை விடவில்லை. தம்மைவிடப் பெரியவர் யாராவது இதைச் செய்வார் என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துப் பார்த்தார். ஒருவரும் செய்யவில்லை. 1960-இல் தம் திட்டத்தின் சுருக்கத்தை நாட்டின் பிரமுகர் பட்டியலிலிருந்து பொறுக்கிய சுமார் 200 பேருக்கு அனுப்பிவைத்தார். சாகாமலிருக்க வழி சொல்லி வந்த கடிதத்துக்குப் பதில் எழுதப் பிரமுகர்களுக்கு நேரமில்லை. எட்டிங்கர் 1962-இல் அதை நூலாக்கித் தாமே அச்சிட்டார். 1964-இல் டபுள்டே நிறுவனம் வெளியிட்டது. 'சாகாமையின் சாத்தியம்' என்று அதன் தலைப்பைத் தமிழ்ப்படுத்தலாம்.

அவருடைய வாதம் எளியது. எளிமையே அதன் வலிமை. புதைத்தாலும் எரித்தாலும் எழுந்துவரும் வாய்ப்பு சுழியம். உறைய வைத்தால் சுழியத்துக்குச் சற்று மேலே. பரிசுச்சீட்டு வாங்கியவருக்கு விழாமல் போகலாம், வாங்காதவருக்கு விழவே விழாது. பரிசுச்சீட்டின் விலை மட்டுமே பேச்சுக்குரியது. இன்று அது மிஷிகனில் 28,000 டாலர், ஸ்காட்ஸ்டேலில் முழு உடலுக்கு இரண்டு இலட்சம் டாலருக்கு மேல். தலை மட்டுமென்றால் அதில் பாதிகூட இல்லை. பெரும்பாலோர் இத்தொகையை ஆயுள் காப்பீட்டின் வழியே கட்டுகிறார்கள். இறந்த பின் வரும் காப்பீட்டுப் பணம் மனைவி மக்களுக்குப் போகாமல், இறந்தவருடைய பராமரிப்புக்கே போகிறது. தனக்குத் தானே வாரிசாகும் இக்கலையை வேறெந்தச் சொத்துரிமைச் சட்டமும் கற்பனை செய்திருக்காது.

வெள்ளெலியும் மரத்தவளையும்

இதில் விஞ்ஞானம் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று வாசகர்கள் கேட்பது நியாயம். உயிரணுக்கள் மெல்ல உறையும்போது அவற்றுக்கு வெளியே உள்ள நீர் முதலில் பனியாகிறது. உள்ளிருக்கும் நீர் உறிஞ்சப்பட்டு அணு வற்றிச் சுருங்குகிறது. பனிப்படிகங்கள் திசுக்களைக் கிழிக்கின்றன. உறைபெட்டியில் வைத்தெடுத்த தக்காளியைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இதற்கு மாற்று 1949-இல் இலண்டன் மில்ஹில் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிட்டிற்று. சேவலின் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துத் தோற்றுக்கொண்டிருந்த போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவருக்கும் ஒருநாள் திடீரென்று வெற்றி கிடைத்தது. சோதித்துப் பார்த்தால், புட்டியின் சீட்டு மாறியிருந்தது. உள்ளே இருந்தது கிளிசரின். லெனினுடைய தோலைக் காத்த அதே பொருள், இங்கே உயிரணுவின் உள்ளே புகுந்து அதைப் பனியின் பற்களிலிருந்து காத்தது. இன்று உலகெங்கும் விந்தணுவும் கருவும் உறைநிலையில் சேமிக்கப்படுவதற்கு அந்தச் சீட்டு மாறிய புட்டியே தொடக்கம். 1984-இல் ஆஸ்திரேலியாவில் உறைகருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்தது. அதற்குப் பின் அவ்வாறு பிறந்தவர்கள் எண்ணற்றோர். திரவ நைட்ரஜனிலிருந்து மீண்டு நம்மிடையே நடமாடும் மனிதர்கள் உண்டா என்றால், உண்டு. அவர்கள் உறைந்தது இறந்த பின் அல்ல, பிறக்கும் முன்.

மில்ஹில்லிலேயே 1950-களில் ஆட்ரி ஸ்மித்தும் ஜேம்ஸ் லவ்லாக்கும் வெள்ளெலிகளை உடல்நீரில் கணிசமான பகுதி பனியாகும்வரை உறையச்செய்து மீட்டார்கள். தொடக்கத்தில் சூடேற்றிய கரண்டியை எலியின் மார்பில் வைத்து இதயத்தை எழுப்பினார்கள். அதன் கொடுமை பொறுக்காத லவ்லாக், மின்காந்த அலைகளால் உள்ளிருந்து சூடேற்றும் கருவியைச் செய்தார். அதில் உருளைக்கிழங்கும் சுட்டுத் தின்றார். பிற்காலத்தில் 'கையா' கோட்பாட்டால் புகழ்பெற்றவர் இவரே. ஆனால் எலிக்கு வாய்த்தது பெரிய விலங்குக்கு வாய்க்கவில்லை. உடல் பெருகப் பெருக, சீராகக் குளிர்விப்பதும் சீராகச் சூடேற்றுவதும் கடினமாகின்றன. வட அமெரிக்காவின் மரத்தவளையோ ஆய்வுக்கூடம் ஏதுமின்றி இதைச் செய்துவருகிறது. குளிர்காலத்தில் அதன் உடல்நீரில் பாதிக்கு மேல் பனியாகிவிடும்; இதயம் நின்றுவிடும்; கல்லீரல் வெளிவிடும் சர்க்கரை அணுக்களைக் காக்கும். வசந்தத்தில் அது எழுந்து துணை தேடப் போய்விடும்.

இப்போதைய முறையில் உடலைப் பனியாக்குவதில்லை. காப்புத் திரவங்களைச் செலுத்திக் கண்ணாடிபோல் இறுகச் செய்கிறார்கள். இவ்வாறு இறுக்கிய முயல் சிறுநீரகம் ஒன்று மீண்டும் பொருத்தப்பட்டு வேலை செய்ததை கிரெகரி ஃபாஹியின் குழு 2009-இல் வெளியிட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 100 நாள் வரை பாதுகாத்த எலிச் சிறுநீரகங்களை 2023-இல் பொருத்திக் காட்டினார்கள். சிறுநீரகம்வரை வந்தாயிற்று. ஆனால் மைனஸ் 196 டிகிரியிலிருந்து ஒரு முழுப் பாலூட்டியும் இதுவரை எழுந்ததில்லை. அதிலும் ஸ்காட்ஸ்டேலில் இருப்பவர்களின் சிக்கல் இரண்டு மடங்கு. உயிரோடு உறைவது கொலையாகும் என்பதால், சட்டப்படி இறந்த பிறகே உறைய முடியும். ஆகவே எழுப்புபவர் முதலில் உறைவைத் தீர்க்க வேண்டும், பிறகு சாவைத் தீர்க்க வேண்டும், அதன்பின் சாவுக்குக் காரணமான நோயையும் தீர்க்க வேண்டும்.

தொலைக்காட்சி பழுதுபார்ப்பவரும் சவுரிமுடி வணிகரும்

வால்ட் டிஸ்னி உறைய வைக்கப்பட்டிருக்கிறார் என்பது உலகறிந்த வதந்தி. அவர் 1966 டிசம்பர் 15 அன்று இறந்தார்; இரண்டு நாளில் எரியூட்டப்பட்டார்; சாம்பல் கலிபோர்னியாவின் கிளெண்டேல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. வதந்திக்கு வாய்ப்பான ஒரு நிகழ்ச்சி அதே கிளெண்டேலில் ஒரு மாதத்துக்குள் நடந்தது. ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு, வயது 73, புற்றுநோயால் 1967 ஜனவரி 12 அன்று இறந்தார். உறைய வைக்கப்பட்டு இன்றுவரை அந்நிலையிலேயே இருக்கும் முதல் மனிதர் அவர்.

அவரை உறைய வைத்த குழுவின் தலைவர் ராபர்ட் நெல்சன், தொழிலால் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவர். உடலை அடைக்கும் கலத்தைச் செய்து கொடுத்த எட் ஹோப், பீனிக்ஸ் நகரில் சவுரிமுடி வணிகம் செய்தவர். இவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் எட்டிப் பார்க்காத வேலையை யாராவது செய்ய வேண்டுமென்றால், இத்தகையவர்களே செய்வார்கள். நெல்சன் 1968-இல் 'முதல் மனிதரை நாங்கள் உறைய வைத்தோம்' என்ற பொருளில் நூலும் எழுதினார்.

புகழ் வந்ததும் நெல்சனிடம் மேலும் உடல்கள் வந்தன. கலங்கள் போதவில்லை, பணமும் போதவில்லை. மாதந்தோறும் தருவதாக வாக்களித்த உறவினர்கள் முதலில் தந்தார்கள், பிறகு தாமதித்தார்கள், பிறகு காணாமற்போனார்கள். சாட்ஸ்வொர்த் என்னுமிடத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் நிலவறையில், ஒருவருக்கென்று செய்த கலத்தில் நால்வரை அடைத்து நெல்சன் சமாளித்துப் பார்த்தார். எந்திரங்கள் நின்றன, நைட்ரஜன் தீர்ந்தது. உருகிய செய்தியை அவர் உறவினர்களுக்குச் சொல்லவில்லை. 1979-இல் நிலவறை திறக்கப்பட்டபோது ஒன்பது பேர் கெட்டுப்போயிருந்தார்கள். அவர்களில் குழந்தையும் உண்டு. 1981-இல் நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது. இங்கே சிரிக்க ஒன்றுமில்லை. சாட்ஸ்வொர்த்தில் தோற்றது குளிரியல் அன்று. அங்கே தோற்றது மாதக்கட்டணம்.

குடும்பக் கதைகள்

பிரான்சில் ரெமோன் மார்த்தினோ என்னும் மருத்துவர் வேறு வழி கண்டார். நிறுவனங்களை நம்பாமல், லுவார் பகுதியில் இருந்த தம் மாளிகையின் நிலவறையில் தாமே ஓர் உறைபெட்டியை நிறுவினார். 1984-இல் மனைவி இறந்தபோது அதில் வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். 2002-இல் அவர் இறந்ததும் மகன் அவரையும் அதில் கிடத்தினார். பிரெஞ்சுச் சட்டம் புதைக்கலாம், எரிக்கலாம், பெட்டியில் வைக்கலாகாது என்றது. மகன் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். 2006 ஜனவரியில் உச்ச நிர்வாக நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அடுத்த மாதமே பெட்டி பழுதாயிற்று. எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. பெற்றோர் பல நாட்களாக மைனஸ் 20 டிகிரியில் கிடந்தது பிறகே தெரிந்தது. இருவரையும் மகன் எரியூட்டினார். அரசு மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாதாடிச் சாதிக்காததை ஒரு மின்சாதனப் பழுது சில நாட்களில் சாதித்தது.

கொலராடோ மலையூரான நெடர்லாந்தின் கதை இதனினும் இனிது. நார்வேயில் 1989-இல் இறந்த பிரேடோ மோர்ஸ்தோல் என்னும் பெரியவரை, அவர் பேரன் அமெரிக்கா கொண்டுவந்து, 1993 முதல் அவ்வூரில் ஒரு கொட்டகையில் உலர்பனிக்கட்டியிட்டு வைத்திருந்தார். விசாக் காலம் தாண்டியதால் பேரன் நாடுகடத்தப்பட்டார். பேரனின் தாயையும் நகர நிர்வாகம் வெளியேற்ற முனைந்தபோதுதான் கொட்டகையில் தாத்தா இருப்பது வெளியே தெரிந்தது. நகர மன்றம் பதறி, வீட்டில் பிணம் வைத்திருப்பதைத் தடுத்து விதி இயற்றியது. ஆனால் முன்பே இருந்தவர் என்பதால் தாத்தாவுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கடல் கடந்த பேரன் பணம் அனுப்ப, உள்ளூர்க்காரர் பனிக்கட்டி சுமக்க, ஆண்டுகள் ஓடின. 2002 முதல் ஊரார் தாத்தாவின் பெயரால் ஆண்டுதோறும் திருவிழா எடுத்தார்கள். சவப்பெட்டி ஓட்டப் பந்தயம் அதில் முக்கிய நிகழ்ச்சி. 2023-இல் திருவிழாவும் தாத்தாவும் எஸ்டிஸ் பார்க் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். சாகாவரம் கேட்டவருக்குக் கிடைத்தது தேர்த்திருவிழா. இரண்டில் எது நெடுநாள் நிற்கும் என்று நம்மால் சொல்ல இயலாது.

ருஷ்யக் கதை குடும்ப நீதிமன்ற வகையைச் சேர்ந்தது. மாஸ்கோவுக்கு அருகே இயங்கிய கிரியோரஸ் நிறுவனத்தை நடத்திய கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். நிறுவனம் யாருக்கு என்ற வழக்கு முற்றி, 2021-இல் ஒரு தரப்பினர் கிடங்குக்குள் புகுந்து உறைகலங்களை லாரிகளில் ஏற்றினார்கள். காவல்துறை வழிமறித்தது. மணவிலக்கில் வீடும் வண்டியும் பங்கு போவதை அறிவோம். நோயாளிகள் பங்கு போனது அங்கேதான்.

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 2002-இல் இறந்தபோது, அவருடைய உயில் எரியூட்டச் சொன்னது. மகனும் இளைய மகளும் காட்டிய எண்ணெய்க் கறை படிந்த ஒரு துண்டுத்தாள் உறைய வைக்கச் சொன்னது. மூத்த மகள் வழக்காடிக் களைத்தார். வில்லியம்ஸ் ஸ்காட்ஸ்டேலுக்குப் போனார்.

எழுந்த பின்

ஒரு பேச்சுக்கு, விஞ்ஞானம் வென்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் யாரை எழுப்புவது? கடைசியாக வந்தவர் முதலில் எழுவார் என்பது இத்துறையாரின் கணிப்பு. ஏனெனில் அவரே நல்ல முறையில் உறைந்தவர். 1967 முதல் வரிசையில் நிற்கும் பெட்ஃபோர்டு எல்லாருக்கும் கடைசி. அரசு அலுவலக வரிசைகளைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை.

எழுந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கும்; பிறப்புச் சான்றிதழ் செல்லாது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்குமா? துணைவியார் மறுமணம் செய்து, அந்தக் கணவரும் அடுத்த தாழியில் இருந்தால்? எட்டிங்கருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் 1976-இல் மிஷிகனில் தொடங்கிய கிரையானிக்ஸ் நிறுவனத்தில் முதலில் சேர்க்கப்பட்டவர் 1977-இல் அவருடைய தாயார். பிறகு முதல் மனைவி. பிறகு இரண்டாம் மனைவி. 2011-இல், 92 வயதில், 106-ஆவது நோயாளியாக அவரே போய்ச் சேர்ந்தார். நால்வரும் ஒரே நாளில் கண்விழித்தால், அந்த அறையில் தேவைப்படுபவர் மருத்துவர் அல்லர், ஊர்ப் பெரியவர்.

ஆனால் அந்த அறையை நாம் நினைத்து நினைத்துப் பார்க்கும்போது, சிரிப்பினூடே ஒன்று புலப்படுகிறது. தாயையும் மனைவியரையும் தம்மோடு சேர்த்து வைத்தவர் ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தார். ஜேம்சனைப்போல் ஆளில்லாத உலகில் எழுவது எழுவதே அன்று. ஃபிராங்க்ளின் நண்பர்களைப் பீப்பாய்க்குள் அழைத்ததும் இதனால்தான்.

2016-இல் இங்கிலாந்தில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னை உறைய வைக்க வேண்டுமென்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினாள். பெற்றோர் பிரிந்தவர்கள்; தாய் இசைந்தார், மகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்திராத தந்தை இசையவில்லை. அத்தந்தை கேட்ட கேள்வி நம் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை. இருநூறு ஆண்டு கழித்து என் மகள் எழுந்தால் அவளுக்கு உறவென்று யாரும் இருக்க மாட்டார்கள். பதினான்கு வயதில், முன்பின் தெரியாத அமெரிக்காவில், அவள் என்ன செய்வாள் என்று கேட்டார். நீதிபதி பீட்டர் ஜாக்சன் மருத்துவமனைக்கே சென்று சிறுமியைக் கண்டார். இது குளிர்ப்பதனம் பலிக்குமா என்பது பற்றிய தீர்ப்பன்று என்று விளக்கி, முடிவெடுக்கும் உரிமையைத் தாயிடம் விட்டார். தன் ஆசை நிறைவேறும் என்று அறிந்தபின் அச்சிறுமி அந்த அக்டோபரில் இறந்தாள். அவளுக்குக் கிடைத்தது சாகாவரமா என்பதை எவரும் சொல்ல முடியாது. கடைசிப் பத்து நாட்களுக்கான நிம்மதி கிடைத்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

ஊற்றியவர்கள்

பெட்ஃபோர்டின் கதையை இடையில் விட்டுவந்தோம். அவர் நெல்சனின் நிலவறைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம் அவருடைய குடும்பம். ஆய்வுக்கென அவர் ஒதுக்கிய பணம் உறவினர் தொடுத்த வழக்குகளில் கரைந்தது. மனைவியும் மகனும் மருமகளும் பின்வாங்கவில்லை. கலத்தைப் பீனிக்ஸிலிருந்து கலிபோர்னியாவுக்கு மாற்றினார்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்த நிறுவனம். சில ஆண்டுகள் வாடகைக் கிடங்கில் வைத்து, தாங்களே நைட்ரஜன் வாங்கி ஊற்றினார்கள். 1982-இல் ஆல்கார் பொறுப்பேற்றது.

1991 மே மாதத்தில் பழைய கலத்தை அறுத்து அவரைப் புதிய தாழிக்கு மாற்றினார்கள். அப்போதுதான் இருபத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவரைப் பார்க்க முடிந்தது. வயதைவிட இளமையாகத் தோன்றினார் என்று பரிசோதித்தவர்கள் குறித்தார்கள். 1967-இல் அவரோடு வைக்கப்பட்ட சாதாரண நீர்ப் பனிக்கட்டிகள் சில, உருகாமல் கட்டியாகவே இருந்தன. இடைப்பட்ட காலத்தில் ஒருநாள்கூடப் பனிக்கட்டி உருகும் அளவுக்குத் தாழி வறண்டதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை எள்ளும் நீரும் இறைக்கவே நாள் மறந்துபோகும் உலகம் இது. பெட்ஃபோர்டு எழுவார் என்று நாம் நம்பவில்லை. ஆனால் எழுந்தால், அவர் முதலில் கேட்க வேண்டிய பெயர்கள் விஞ்ஞானிகளுடையவை அல்ல. கிடங்கு வாடகையைக் கட்டிவிட்டு, நைட்ரஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு, பதில் சொல்லாத ஒருவருக்காக ஆண்டுக்கணக்கில் வந்துபோனார்களே, அவர்களுடைய பெயர்கள்.